கச்சான் காற்றும் இரண்டு விரல் அளவும்: கடற்கரை வேலையில் முகத்துக்கு சன்ஸ்கிரீன்

இரண்டாவது பேறுகாலத்துக்குப் பிறகு என் இரு கன்னங்களிலும் மேலுதட்டின் மேற்புறத்திலும் மங்கு என்னும் கருந்திட்டு படர்ந்தது. கர்ப்ப காலத்தில் ஹார்மோன்கள் மாறுவதால் பல பெண்களுக்கு இது வருவது வழக்கம் என்றும், சிலருக்குச் சில மாதங்களில் தானாகவே வெளிறிவிடும் என்றும், வெயிலில் நிற்கும் வேலை உள்ளவர்களை அது அவ்வளவு எளிதில் விடாது என்றும் ராமநாதபுரத்தில் நான் பார்த்த தோல் மருத்துவர் விளக்கினார். என் வேலை முழுக்க வெயிலில்தான். வேதாளை, மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் கரைகளில் கடல்பாசி வளர்க்கும் மகளிர் குழுக்களின் கணக்கையும் கொள்முதலையும் நான் பார்த்துக்கொள்கிறேன். மூங்கில் தெப்பத்தில் கட்டிய பாசியை ஏறத்தாழ 45 நாளில் அறுப்பது, கரைக்குக் கொண்டுவருவது, காயவைப்பது, எடை போடுவது என எல்லாமே திறந்த வெளியில் நடப்பவை. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் இரவுக்கு ஒரு களிம்பும் பகலுக்கு ஒரு சன்ஸ்கிரீனும் இருந்தன. "ராத்திரி களிம்பு செய்யிற வேலையை, பகல்ல சரியாப் பூசாத முகம் அழிச்சுடும்மா" என்று அவர் சொன்னதன் பொருளை, அடுத்து வந்த மாதங்களில் கரையில் நின்று வேலை பார்த்தபடியே ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டேன்.

புரிந்துகொண்டவற்றில் முதன்மையானது இது: எந்த நிறுவனத்தின் டியூப் என்ற கேள்விக்கு நாம் கொடுக்கும் இடம் மிக அதிகம், எவ்வளவு பூசுகிறோம், எப்போது பூசுகிறோம், மறுபடி எப்போது பூசுகிறோம் என்ற கேள்விகளுக்குக் கொடுக்கும் இடம் மிகக் குறைவு. எங்கள் கரையில் அந்தக் கேள்விகள் இன்னும் கூர்மையாகின்றன.

எங்கள் வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ராமேஸ்வரம் தீவு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.3 பாகை அளவில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், சித்திரை முதல் நாளை ஒட்டி, நண்பகல் சூரியன் ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் அவ்வாறே நிற்கும். இங்கே அந்த நண்பகல் கடிகாரத்தில் சரியாக 12 மணி அன்று, 12.15 அளவில்தான் வரும். மார்கழியில் வெயில் இதமாக இருப்பதாக நமக்குத் தோன்றினாலும், ஆண்டிலேயே சூரியன் மிகத் தாழ்ந்து செல்லும் டிசம்பர் 22 அன்றுகூட நண்பகலில் அது 57 பாகை உயரத்தில் இருக்கிறது. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதாக் கதிர் கடுமையான நேரம் என்பது தோல் மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவுகோல். அந்தக் கணக்கில் சித்திரை மாதத்தில் காலை 9.15 அளவிலிருந்து பிற்பகல் 3.15 வரை நாங்கள் கடுமையான நேரத்துக்குள்தான் இருக்கிறோம். பாசி எடை போடுவதும் லாரி வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

இதில் ஏமாற்றுவது காற்று. தென்மேற்குப் பருவக் காற்றான கச்சான் வீசும் மாதங்களில் கரையில் நிற்பவருக்கு வெக்கை தெரியாது. முகத்தில் வியர்வைகூடத் தங்காது. ஆனால் நாம் உணரும் சூடு வேறு, தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் வேறு. பின்னதை உணர நம் தோலில் எந்தப் புலனும் இல்லை. வேனிற்காலத்தில் வெக்கைக்குப் பயந்து நிழலுக்கு ஒதுங்கும் பெண்கள், கச்சான் காலத்தில் காற்று நன்றாக இருக்கிறதென்று தலைத்துணியையும் எடுத்துவிட்டு மணிக்கணக்கில் நிற்பதைப் பார்க்கிறேன். அந்த மாதங்களில்தான் அவர்களுடைய நெற்றியும் மூக்குத் தண்டும் அதிகம் கருக்கின்றன. மேகம் போட்டிருந்தாலும் நம்ப முடியாது. மெல்லிய மேகத்தின் வழியே புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை கீழே வந்துவிடக்கூடும்.

கீழிருந்து வருவதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மணல், தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 விழுக்காட்டையும், கடல் நுரை சுமார் 25 விழுக்காட்டையும் திருப்பி அனுப்பும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொப்பியோ குடையோ மேலிருந்து வருவதை மறைக்குமே தவிர, மணலிலிருந்து எழும்பி வருவதை மறைக்காது. எனவேதான் கரையில் வேலை செய்பவர்கள் தாடையின் அடிப்பக்கத்தையும் மூக்கின் கீழ்ப்பகுதியையும் கழுத்தின் முன்புறத்தையும் விட்டுவிடக் கூடாது. குடை பிடித்திருக்கிறேனே, சன்ஸ்கிரீன் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே என் பதில்.

டியூபின் மேல் எழுதியிருப்பதில் இரண்டைப் படித்தால் போதும். எஸ்.பி.எஃப். என்ற எண், தோலைச் சிவக்கவைத்துச் சுடும் புற ஊதா-பி கதிருக்கு எதிரான காப்பைச் சொல்கிறது. 15 என்றால் அக்கதிரில் சுமார் 93 விழுக்காட்டையும், 30 என்றால் சுமார் 97 விழுக்காட்டையும், 50 என்றால் சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே 30-க்கும் 50-க்கும் உள்ள இடைவெளி, எண்கள் காட்டும் அளவுக்குப் பெரியதன்று. பி.ஏ. என்ற எழுத்துகளும் அதன் பக்கத்தில் வரும் கூட்டல் குறிகளும் ஜப்பானில் தொடங்கிய முறை. அவை ஆழமாக இறங்கி நிறத்தை மாற்றும் புற ஊதா-ஏ கதிருக்கு எதிரான காப்பைக் காட்டுகின்றன. மங்கு உள்ளவர்கள் மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி உள்ளதையே எடுக்க வேண்டும். கரையில் வியர்வையோடு வேலை செய்பவர்கள், தண்ணீருக்குத் தாங்கும் என்று குறித்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தாங்கும் என்றாலும் அது முழு நாளுக்கு அன்று. 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தண்ணீரில் சோதித்துத்தான் அந்தச் சொல்லைப் போடுகிறார்கள்.

இனி அளவு. இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு சன்ஸ்கிரீனுக்கு எஸ்.பி.எஃப். எண் கணிக்கும்போது தோலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் என்ற கணக்கில் பூசுகிறார்கள். வீட்டில் மக்கள் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி, அல்லது கால் பங்கு. பாதி பூசினால் காப்பும் ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும் என்பதால், 50 என்று எழுதிய டியூபை வாங்கி, பயறளவு எடுத்து முகம் முழுவதும் தேய்ப்பவருக்கு அந்த 50 கிடைப்பதே இல்லை. முகத்துக்கும் கழுத்துக்கும் தேவையான அளவை அளக்க எளிய வழி, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிழிந்துகொள்வது. முதன்முறை பிழிந்து பார்க்கும் எவருக்கும் இது மிக அதிகமாகத் தோன்றும். நாம் முகப்பூச்சு என்றாலே சந்தனமோ கிரீமோ தொட்டுத் தடவும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். இது அப்படித் தொட்டுத் தடவும் பொருளன்று என்பதைக் கைக்குப் பழக்க வேண்டும்.

அந்த இரண்டு விரல் அளவையும் ஒரே தடவையில் பூசினால் முகத்தில் திட்டுத்திட்டாக நிற்கும். ஆகவே நான் முதலில் ஒரு விரல் அளவை எடுத்து நெற்றி, இரு கன்னம், மூக்கு, தாடை, கழுத்து என்று புள்ளியாக வைத்து, விரல்களால் அழுத்தித் தேய்க்காமல் லேசாக நீவிப் பரப்புகிறேன். இரண்டு மூன்று நிமிடம் கழித்து அடுத்த விரல் அளவையும் அதேபோல் பரப்புகிறேன். இப்படிச் செய்தால் பூச்சு சமமாகப் படிவதோடு, முதல் தடவையில் விட்டுப்போன இடங்களை இரண்டாம் தடவை பிடித்துவிடும். விட்டுப்போகும் இடங்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் இவைதான்: கண்ணிமை, மூக்கின் இரு பக்க மடிப்பு, நெற்றியில் முடி தொடங்கும் வரி, காது மடல், காதுக்குப் பின்புறம், தாடையெலும்பின் கீழ், பின்கழுத்து. கொண்டை போடும் பெண்களுக்குப் பின்கழுத்து முழுவதும் வெயிலில்தான் இருக்கிறது. மங்கு மேலுதட்டில் உள்ளவர்கள் உதட்டுக் கோடு வரை கொண்டுவந்து பூச வேண்டும், உதட்டுக்கென எஸ்.பி.எஃப். உள்ள தனிப் பூச்சு கிடைக்கிறது.

காலையில் வரிசை சுருக்கமானது. முகம் கழுவி, ஈரம் ஒற்றி, தேவையானால் மாய்ஸ்சரைசர் பூசி, அது தோலில் இறங்கிய பிறகு கடைசியாக சன்ஸ்கிரீன். மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் உள்ளங்கையில் ஒன்றாகக் கலந்து பூசுவதை மருத்துவர் தடுத்தார், ஏனெனில் கலக்கும்போது சன்ஸ்கிரீன் தோலின்மேல் அமைக்க வேண்டிய படலம் கலைந்து, அதன் காப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாமல் போய்விடுகிறது. எஸ்.பி.எஃப். 20 உள்ள கிரீமின் மேல் 30 உள்ளதைப் பூசினால் 50 ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே சொன்னார். எங்கள் பக்கத்து ஈரக் காற்றில் எண்ணெய்ப் பசையான முகம் உள்ளவர்களுக்கு மாய்ஸ்சரைசரே தேவைப்படாது என்பது என் கருத்து. ஜெல் வடிவ சன்ஸ்கிரீன் ஒன்றே ஆண்டின் பெரும்பகுதிக்குப் போதுமாக இருக்கிறது. வாடை வீசும் கார்த்திகை, மார்கழியில்தான் என் கன்னம் வறண்டு இழுக்கிறது.

பூசியவுடன் வாசலைத் தாண்டக் கூடாது. வெளியே போவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பு பூசிவிட வேண்டும் என்பது பொது விதி. எங்கள் கரையில் அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கச்சான் காலத்தில் தனுஷ்கோடிப் பக்கமோ முகுந்தராயர் சத்திரத்துப் பக்கமோ போனால், காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். பூச்சு ஈரமாக இருக்கும்போது அந்த மணலில் நின்றால் முகம் முழுவதும் துகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைத் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பது போன்றது, பூச்சும் போகும், தோலும் எரியும். ஆகவே வீட்டிலேயே பூசி, அது நன்றாகப் படிந்த பிறகே பஸ் ஏறுகிறேன்.

பஸ்ஸைப் பற்றியும் ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு வண்டி ஏறத்தாழக் கிழக்கு நோக்கியே ஓடுகிறது. மார்கழி, தை மாதங்களில் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் போகும்போது வலப்பக்க ஜன்னலில் வெயில் அடிக்கும். வைகாசி, ஆனியில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால் இடப்பக்கத்தில் அடிக்கும். இருக்கை கிடைப்பதே பெரிது என்றாலும், தேர்ந்தெடுக்க முடிகிற நாளில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கண்ணாடியை மூடிவிட்டால் போதும் என்று சொல்ல முடியாது. சாதாரணக் கண்ணாடி புற ஊதா-பி கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது; மங்கைக் கருக்கும் புற ஊதா-ஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது.

மறுபூச்சு பற்றிப் பேசினால்தான் பலருக்கும் மனம் தளர்கிறது. வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அதிகம் வியர்த்தாலோ கடல்நீர் பட்டாலோ அதற்கும் முன்பே மறுபடி பூச வேண்டும். காலையில் எட்டு மணிக்குப் பூசிய பூச்சு, பகல் பன்னிரண்டு மணிக்கு முகத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டு நிற்பதுதான் கரையில் நான் அதிகம் காணும் நிலை. எங்கள் பெண்களுக்கு வியர்வை வந்தால் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைக்கும் பழக்கம் ஊறியிருக்கிறது. ஒவ்வொரு துடைப்பிலும் பூச்சு துணிக்குப் போய்விடுகிறது. துடைக்காமல் ஒற்றி எடுப்பது என்ற ஒரு மாற்றமே பெரிய பலன் தரும். நான் பையில் பழைய மல் துணித் துண்டு இரண்டு வைத்திருக்கிறேன். மறுபூச்சுக்கு முன் ஒன்றைக் குடிநீரில் நனைத்து முகத்தில் படிந்த உப்பை ஒற்றி எடுத்து, காய்ந்த துண்டால் ஈரத்தை ஒற்றி, பிறகு ஒரு விரலளவுக்குக் குறையாமல் பூசுகிறேன். பாசியைத் தொட்ட கையில் உப்பும் மணலும் பிசினும் இருக்கும் என்பதால், கை படாமல் நேரடியாக முகத்தில் இழுக்கக்கூடிய ஸ்டிக் வடிவம் பகலுக்கு வசதியாக இருக்கிறது. ஆனால் ஒரே இழுப்பில் விட்டுவிடக் கூடாது, ஒவ்வொரு இடத்திலும் மூன்று நான்கு முறை போக வேண்டும்.

முகப் பவுடர் இல்லாமல் வீட்டை விட்டு இறங்காதவர்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். பவுடர் போடுவதில் தவறில்லை. சன்ஸ்கிரீன் படிந்த பிறகு மெல்ல ஒற்றிப் போட்டால் எண்ணெய்ப் பளபளப்பும் குறையும். பவுடரையே வெயில் காப்பாக எண்ணுவதும், பஞ்சால் அழுத்தித் தேய்த்துப் போடுவதும்தான் கூடாதவை. மஞ்சளும் சந்தனமும் தேங்காய் எண்ணெயும் முகத்துக்கு எத்தனை நன்மை தந்தாலும், இந்த வெயிலுக்கு நம்பி நிற்கத்தக்க காப்பு அவற்றில் இல்லை.

இதையெல்லாம் குழுக் கூட்டங்களில் சொன்னபோது, கடலுக்குள் இறங்கி மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்னும் கடல்பாசி வகைகளை எடுக்கும் பெண்களிடமிருந்து நியாயமான மறுப்பு வந்தது. பாம்பன் பக்கத்து அக்கா ஒருவர், "நீங்க கரையில நிக்கிறவுக, பூசலாம். நாங்க முங்குறவுக. பூசுனது கண்ணாடிக்குள்ள இறங்கி கண்ணு எரிஞ்சா அந்தத் தண்ணியில எதைப் பார்த்து எடுக்குறது?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. முகத்தோடு ஒட்டும் கண்ணாடி அணிந்து நாள்தோறும் மணிக்கணக்கில் முங்கும் ஒருவருக்குக் கண்ணைச் சுற்றிப் பூசச் சொல்வது பொருந்தாது. விலையையும் எண்ண வேண்டும். முறையாக இரண்டு விரல் அளவு பூசி, பகலில் மறுபூச்சும் செய்தால் 50 கிராம் டியூப் ஒருவருக்கு மூன்று வாரம்கூட வராது. டியூப் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட மாதத்துக்கு 600 ரூபாய்க்குக் குறையாது; பாசி கிலோ கணக்கில் கூலி பெறும் குடும்பத்தில் அது சிறிய தொகையன்று.

ஆகவே நான் அவர்களுக்குச் சொல்வது துணிதான் முதல் காப்பு என்பது. சேலைக்கு மேல் அவர்கள் வழக்கமாகப் போடும் முழுக்கைச் சட்டை மிகச் சிறந்த ஏற்பாடு. அதன் காலரைத் தூக்கிவிட்டால் பின்கழுத்து மறையும். தலையையும் காதையும் நெற்றியையும் சேர்த்துக் கட்டும் இருண்ட நிறத் துணி, நெருக்கமாக நெய்ததாக இருந்தால் இன்னும் நல்லது. நனைந்த வெள்ளைப் பருத்தியில் காப்பு குறைந்துவிடும். துணி மறைக்காத கன்ன மேடு, மூக்கு, தாடை ஆகிய இடங்களுக்கு மட்டும், துத்தநாக ஆக்சைடு சேர்ந்த கெட்டியான, தண்ணீருக்குத் தாங்கும் சன்ஸ்கிரீனைக் கண்ணுக்கு ஒரு விரல் தள்ளிப் பூசினால், அது அவ்வளவாக வழியாது, செலவும் குறையும். சிலர் இந்த முறையை ஏற்றுக்கொண்டார்கள்; தாடையிலும் மூக்கிலும் மட்டும் பூசிக்கொண்டு இறங்குகிறார்கள்.

அவர்கள் முங்கும் கடல் எந்தக் கடல் என்பதும் எனக்குப் பொருட்டு. தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை நீளும் 21 தீவுகளைச் சுற்றிய பவளப் பாறைகளைக் காக்க 1986-இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தது. 1989-இல் வளைகுடாப் பகுதி உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சேர்ந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டம் இயற்றி, 2021 தொடக்கத்திலிருந்து தடுத்தது. ஆய்வுக்கூடத்தில் இவை பவளத்தின் இளம் உயிரிகளுக்குத் தீங்கு செய்கின்றன. நம் பவளங்களை 1998, 2010, 2016 ஆண்டுகளில் வெளுக்கச் செய்தது கடல் சூடேறியதுதான். சன்ஸ்கிரீனை அதற்குக் காரணமாக்க முடியாது. இருந்தாலும், பிழைப்புத் தரும் கடலில் இறங்குகிறவர்கள் டியூபைத் திருப்பி அந்த இரண்டு பெயர்களும் இல்லாததைத் தேர்ந்தெடுப்பதில் இழப்பு ஏதுமில்லை.

நம் நிறத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கறுத்த தோலில் உள்ள மெலனின் வெயிலால் வரும் தோல் புற்றுநோயிலிருந்து பெருமளவு காக்கிறது என்பது உண்மை. ஆனால் அதே நிறச் செல்கள்தான் வெயில் பட்டதும் கூடுதல் நிறத்தை உண்டாக்கித் திட்டாக நிற்கவைக்கின்றன. எனவே மங்கும், பரு ஆறிய இடத்துக் கருமையும் நம்மிடம்தான் அதிகம். நான் பூசுவது வெளுக்க அன்று. என் நிறம் என் நிறமாகவே, திட்டில்லாமல் இருக்கப் பூசுகிறேன். மெலனின் பிறவியிலேயே இல்லாத வெண்தோல் குழந்தைகள் நம் கடற்கரை ஊர்களிலும் பிறக்கிறார்கள். அவர்களுக்கு இது அழகுப் பொருளே அன்று, புற்றுநோயிலிருந்து காக்கும் மருந்து. முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் சன்ஸ்கிரீனும் அந்தப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கிடைக்க வேண்டும் என்று ஆசிரியர்களிடமும் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிவருகிறேன்.

மங்கு உள்ளவர்களுக்கு இன்னொரு தகவல். புற ஊதாக் கதிர் மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியும், குறிப்பாக நீலப் பகுதி, நம் தோலில் நிறத்தைக் கூட்டுகிறது. சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு சேர்ந்து, தோல் நிறச் சாயல் கொண்ட சன்ஸ்கிரீன் ஓரளவு தடுக்கிறது. துத்தநாக ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் நம் முகத்தில் சாம்பல் பூசியது போல் நிற்கும் குறையையும் அந்தச் சாயல் தீர்த்துவிடுகிறது. கடைகளில் கிடைக்கும் சாயல்களில் பெரும்பாலானவை நம்மைவிட வெளிறிய முகங்களுக்கானவை. எனக்குப் பொருந்தியதைக் கண்டுபிடிக்க, கையில் பூசிப் பார்க்காமல் தாடையோரத்தில் பூசி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கினேன்.

இரவில் இதைக் கழுவி எடுப்பது எங்கள் ஊரில் ஒரு தனி வேலை. குழாயில் வரும் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீருக்குத் தாங்கும் பூச்சு அந்தத் தண்ணீரில் போகவே போகாது. போகாமல் தங்கினால் நெற்றியிலும் மூக்கோரத்திலும் சிறு கட்டிகள் வரும். முதலில் ஒரு துளி எண்ணெயையோ, முகம் சுத்தம் செய்யும் பால் வகையையோ பூச்சின்மேல் நீவி, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகு மென்மையான முகக் கழுவியால் கழுவுகிறேன். கடைசி அலசலுக்கு மட்டும் காவிரிக் குடிநீரில் இரண்டு சொம்பு எடுத்துக்கொள்கிறேன். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது, அது துளைகளை அடைக்கும்.

களிம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆக வேண்டும். எங்கள் உறவில் ஒரு பெண், மருத்துவரிடம் போகாமல் மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பை வாங்கிப் பூசினாள். சில வாரங்களில் மங்கு மறைந்து முகம் வெளுத்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பலரும் அதையே வாங்கினார்கள். பிறகு அவளுக்கு வெயிலில் போனாலே முகம் சிவந்து எரிந்தது, பருவும் மெல்லிய ரோமமும் கிளம்பின, நிறுத்தினால் மங்கு முன்னைவிடக் கருத்தது. அதில் இருந்தது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. அதை முகத்தில் நீண்ட நாள் பூசினால் தோல் மெலிந்துபோகும். மங்குக்கு மருத்துவர் தருபவையும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. அவற்றில் பல தோலை வெயிலுக்கு இன்னும் எளிதில் வாடச் செய்பவை என்பதால், பகல் பூச்சு இல்லாமல் இரவுக் களிம்பைத் தொடங்கவே கூடாது.

டியூபை வண்டிப் பெட்டியிலோ பஸ் ஜன்னலோரத்திலோ விடக் கூடாது. சூட்டில் கிரீம் தண்ணீர் தனியாகப் பிரியும், பிரிந்ததை எறிந்துவிட வேண்டும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் துணியும் போதும். வைட்டமின் டி குறையுமோ என்று அஞ்சுபவர்கள், நம் முகமும் கழுத்தும் போக மீதித் தோல் எவ்வளவு என்று பார்த்தாலே போதும். குறை இருந்தால் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு.

என் மங்கு முழுவதும் போய்விடவில்லை. ஓரங்கள் கரைந்து, மேலுதட்டில் ஏறத்தாழத் தெரியாத அளவுக்கு வந்திருக்கிறது. கன்னத்தில் ஒரு நிழல் போலத் தங்கியிருக்கிறது. மாற்றம் தெரியப் பல மாதங்கள் பிடித்தன, சித்திரையில் சற்றுக் கருத்து, ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி வெளிறுகிறது. இதில் சன்ஸ்கிரீனுக்கு நிகராக உதவியது வேலை நேரத்தை மாற்றியது. வேதாளைக் குழுவோடு பேசி எடை போடுவதைக் காலை ஏழு மணிக்கு நகர்த்தினோம். தராசு இருக்கும் இடத்தில் பனையோலைக் கொட்டகை ஒன்றும் போட்டாயிற்று. லாரிக்காரர் முதலில் முணுமுணுத்தாலும், ஒன்பதரைக்குள் ஏற்றி முடிவதால் அவருக்கும் வெயிலுக்கு முன் மதுரைப் பாதையைப் பிடிக்க முடிகிறது. பாம்பன் குழுவில் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவதாக இருக்கிறோம்.